எதிரணிக்கு எழுந்து நின்று கைதட்டிய கூட்டம் எங்கே போனது?

திண்ணைரேடியோ

1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. சென்னை சேப்பாக்கம் மைதானத்தில் பாகிஸ்தானுடன் நடந்த டெஸ்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தியாவுக்கு இலக்கு 271. 82க்கு 5 விக்கெட் போன பிறகு சச்சினும் மோங்கியாவும் சேர்ந்து ஆட்டத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். சச்சினுக்கு முதுகுவலி, ஒவ்வொரு ஓவருக்கு நடுவிலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிவது எங்கள் கேலரியிலிருந்தே தெரிந்தது. 136 ரன் எடுத்து அவர் ஆட்டமிழந்தபோது இன்னும் 17 ரன்தான் தேவை, கையில் 3 விக்கெட். அந்த மூன்றும் 4 ரன்னுக்குள் போய்விட்டன. 12 ரன்னில் தோற்றோம்.

அப்புறம் நடந்ததுதான் நான் எழுத வந்த விஷயம். கொஞ்ச நேரம் மைதானம் முழுக்க யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பக்கத்தில் கைதட்டல் கிளம்பியது, அது சுற்றிப் பரவியது, மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது. பாகிஸ்தான் கேப்டன் வாசிம் அக்ரமும் அவருடைய ஆட்களும் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தார்கள். நாங்கள் அழுதுகொண்டே கைதட்டினோம், உண்மையாகவே அழுதுகொண்டே. தட்டச் சொல்லி யாரும் எங்களிடம் கேட்கவில்லை. நல்ல ஆட்டம் ஆடியிருக்கிறார்கள், நம் ஊருக்கு வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான் எங்களுக்குத் தோன்றியது. 1997இல் இதே மைதானத்தில் பாகிஸ்தானின் சயீத் அன்வர் 194 அடித்தபோதும் கைதட்டிய கூட்டம் இது.

எனக்குக் கிரிக்கெட் வந்தது காது வழியாக. பொங்கலையொட்டிச் சேப்பாக்கத்தில் டெஸ்ட் நடக்கும், சென்னை வானொலியில் தமிழில் நேர்முக வர்ணனை வரும். அப்துல் ஜப்பார் அவர்களின் குரலை இப்போது நினைத்தாலும் எங்கள் வீட்டுத் திண்ணையும் பக்கத்து வீட்டு மாமா காதருகே டிரான்சிஸ்டரைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் கண்முன் வருகின்றன. எதிரணிக்காரர் நல்ல பந்து போட்டால் 'அருமையான பந்து' என்றே சொல்வார்கள். பார்க்க முடியாத எங்களுக்கு ஆட்டத்தை உள்ளபடி சொல்வது தங்கள் பொறுப்பு என்று நினைத்தவர்கள்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் என் பேரன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான், நல்ல பிள்ளை, பெரியவர்களிடம் மரியாதையாகப் பேசுவான். போன வாரம் அவன் கைபேசியில் ஏதோ தேடித் தரச் சொன்னபோது, ஒரு ஆட்டத்தில் கேட்ச் விட்ட நம் அணிப் பையனைப் பற்றி அவன் எழுதியிருந்த கருத்து கண்ணில் பட்டது. அந்தப் பையனின் தாயாரையும் இழுத்திருந்தான். என்னடா இது என்று கேட்டேன். "எல்லாரும்தான் தாத்தா போடுறாங்க" என்றான். அவன் முகத்தில் குற்றவுணர்ச்சி எதுவும் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்குச் சேப்பாக்கத்தில் கைதட்டக் கற்றது போல இவன் இதைக் கற்றிருக்கிறான். எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார், இவனுக்குக் கற்றுக்கொடுப்பது யார்? தொலைக்காட்சியா, பணமா, அரசியலா, இல்லை நாங்களேவா? மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்க விரும்புகிறேன்.

சடுகுடு_வடுவூர்

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கும் மனசு கனத்தது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சேப்பாக்கத்துக் கூட்டம்தான் இந்தியா என்று நினைத்துவிடக் கூடாது. அதே 1999 ஜனவரியில்தானே பாகிஸ்தான் ஆடக் கூடாது என்று டெல்லி கோட்லா ஆடுகளத்தைக் கொத்திப் போட்டார்கள்? அதற்கு அடுத்த மாதமே கொல்கத்தா ஈடன் கார்டனில், சச்சின் ரன் அவுட் ஆன டெஸ்டில், கலாட்டா பெரிதாகிக் கூட்டத்தையே வெளியேற்றிவிட்டுக் காலி மைதானத்தில் ஆட்டத்தை முடித்தார்கள். 1996 உலகக் கோப்பை அரையிறுதியில் அதே ஈடனில் பாட்டில் பறந்தது, 120க்கு 8 என்று இருக்கும்போது ஆட்டத்தை நிறுத்தி இலங்கைக்குக் கொடுத்தார்கள். காம்ப்ளி அழுதபடி வெளியே போனதை எங்கள் ஊர் பஞ்சாயத்து டிவியில் பார்த்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அப்போது கைபேசியும் இல்லை, ஐபிஎல்லும் இல்லை.

அப்புறம் இன்னொன்று. டெஸ்ட் மேட்ச் டிக்கெட் எங்கள் பக்கத்து ஆட்கள் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. எங்களுக்கு விளையாட்டு என்றால் கபடி. கோயில் திருவிழா முடிந்ததும் டியூப் லைட் கட்டி, மண்ணைக் கொத்தி, தண்ணீர் தெளித்துக் களம் போடுவோம். ராத்திரி முழுக்க ஆட்டம் நடக்கும், கோப்பையோடு ஒரு ஆட்டுக்கிடா பரிசு. பேப்பரில் ஒரு வரி வராது. 1990 பெய்ஜிங் ஆசியப் போட்டியிலிருந்து வரிசையாகத் தங்கம் வாங்கிய விளையாட்டு இது. அந்த வீரர்களில் எத்தனை பேரின் முகம் உங்களுக்குத் தெரியும்? 2014இல் புரோ கபடி டிவியில் வந்த பிறகுதான் எங்கள் தெருப் பையன்களை வெளியூர்க்காரர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். டிவி வந்துதான் பண்பு கெட்டது என்று என்னால் அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது.

எதிரணியைக் கொண்டாடுவது பற்றிக் கேட்டீர்கள். எங்கள் ஊர்ப் பையன்களுக்குப் பிடித்த தடுப்பாட்டக்காரர் யார் தெரியுமா? ஈரான்காரர் ஃபசல் அத்ராச்சலி. அவர் கணுக்கால் பிடிக்கிற மாதிரியே கை வைத்துப் பழகுகிறார்கள். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் அதே ஈரான் நம் ஆண்களை அரையிறுதியிலும் பெண்களை இறுதியிலும் வீழ்த்தியது, ஈரான் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தவரே நாசிக்கைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின். எங்களுக்கு வலித்தது. ஆனால் ஈரான்காரனைத் திட்டி ஒருத்தரும் பேசவில்லை, "நம்ம ஆட்டத்தை நம்மைவிட நல்லா கத்துக்கிட்டான்டா" என்றுதான் பேச்சு. களத்தில் மேலே விழுந்து புரண்டு ஆடுகிற ஆட்டத்தில் எதிராளியின் வேர்வை நம் மேல் ஒட்டும் ஐயா. அவன் பலம் என்ன என்று நம் உடம்புக்கே தெரிந்துவிடும். ஆடாமல் பார்க்க மட்டும் செய்கிறவர்களிடம்தான் வெறுப்பு சீக்கிரம் ஏறுகிறது என்பது என் எண்ணம்.

பனிமலைக்காவல்

நான் 22 வருடம் ராணுவத்தில் இருந்தவன். 1999 ஜனவரியில் நீங்கள் கைதட்டினீர்கள், மே மாதம் நாங்கள் கார்கிலில் இருந்தோம். என்னோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அடுத்த வாரம் இல்லை. உங்கள் கைதட்டலைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, அந்தக் கூட்டத்துக்கு மே மாதம் என்ன வரப்போகிறது என்று தெரியாது. ஆனால் ஜூன் 8ஆம் தேதி, சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே, மான்செஸ்டரில் உலகக் கோப்பையில் இரண்டு அணிகளும் ஆடின. 47 ரன்னில் ஜெயித்தோம். செய்தி எங்கள் பிரிவுக்கு வந்தபோது சிலர் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு எதுவுமே தோன்றவில்லை.

2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். செப்டம்பரில் துபாயில் ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானோடு மூன்று முறை ஆடினோம், கை குலுக்கவில்லை. கை குலுக்காதது சரியா தப்பா என்று ஊரெல்லாம் வாதம். என் கேள்வி வேறு. மனசு ஒப்பவில்லை என்றால் ஆடாமல் இருந்திருக்கலாம், அதை நான் மதித்திருப்பேன். ஆட முடிவு செய்தால் முழுசாக ஆடி, கையும் குலுக்கியிருக்கலாம், அதையும் மதித்திருப்பேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை வைத்து, விளம்பர நேரத்தையும் விற்று, வீரமாகக் கையை மட்டும் பின்னால் வைத்துக்கொள்வது எனக்குப் புரியவில்லை. செத்துப்போனவர்களின் பெயரால் அது நடந்ததால் இன்னும் அதிகமாக வலிக்கிறது. ஸ்டுடியோவில் உட்கார்ந்து ஒரு விக்கெட்டைப் போர் வெற்றி என்று கத்துகிறார்களே, அவர்களிடம் கேட்க விரும்புகிறேன்: போர் எப்படி இருக்கும் என்று தெரியுமா?

இடதுகைச்சுழல்

அண்ணா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

திண்ணைரேடியோ ஐயாவுக்கு ஒன்று சொல்கிறேன். நான் மாவட்ட அளவில் கிரிக்கெட் ஆடியவள், இப்போது வேலையில் இருக்கிறேன். 2023 அக்டோபரில் உலகக் கோப்பைக்காகச் சேப்பாக்கத்தில் நானும் என் தம்பியும் இரண்டு ஆட்டம் பார்த்தோம். 23ஆம் தேதி ஆப்கானிஸ்தான் பாகிஸ்தானை 8 விக்கெட்டில் தோற்கடித்தது. கூட்டம் ஆப்கான்காரர்களுக்கு அப்படிக் கைதட்டியது, எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வீட்டுக்கு வரும் வழியில்தான் தம்பி கேட்டான், "அக்கா, நாம ஆப்கான் ஜெயிச்சதுக்குத் தட்டினோமா, பாகிஸ்தான் தோத்ததுக்குத் தட்டினோமா?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை, எனக்குள்ளேயே இரண்டும் இருந்தது. அதற்கு ஒன்பது நாள் முன்னால்தான் அகமதாபாத்தில் பாகிஸ்தானின் ரிஸ்வான் அவுட்டாகித் திரும்பும்போது கூட்டம் மதக் கோஷம் போட்டதை டிவியில் பார்த்து நானும் தம்பியும் தலைகுனிந்தோம்.

அந்த வாரமே 27ஆம் தேதி தென்னாப்பிரிக்கா–பாகிஸ்தான் ஆட்டம். ஐயா, நீங்கள் 271 என்று எழுதியதைப் படித்ததும் எனக்குச் சிலிர்த்தது. அன்றைக்குத் தென்னாப்பிரிக்காவுக்கும் இலக்கு 271தான்! அதே மைதானம், அதே எண். மார்க்ரம் 91இல் போனார், கடைசி விக்கெட்டுக்கு மகராஜும் ஷம்சியும் நின்றார்கள். ஷம்சி காலில் பந்து பட்டு எல்பிடபிள்யூ கேட்டு, ரிவியூவில் நாட் அவுட் என்ற அம்பயர் முடிவே நிற்கும் என்று வந்தபோது எனக்கு மூச்சே நின்றுவிட்டது. ஒரு விக்கெட்டில் தென்னாப்பிரிக்கா ஜெயித்தது. என் முன்வரிசையில் உங்கள் வயது இருக்கும் ஒருவர் கடைசிவரை பாகிஸ்தான் பந்துவீச்சாளர்களின் ஒவ்வொரு நல்ல பந்துக்கும் தட்டிக்கொண்டே இருந்தார். சுற்றியிருந்த பையன்கள் முதலில் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள், அப்புறம் இரண்டு பேர் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். அவரும் 1999இல் அங்கே இருந்தவரா என்று இன்றைக்குத்தான் யோசிக்கிறேன்.

ஆனால் ஐயா, பழைய காலத்தைப் பற்றி என் பக்கத்தையும் சொல்ல வேண்டும். பெண்களுக்கு அந்தக் காலம் நல்ல காலம் இல்லை. 2013இல் மகளிர் உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தது, வான்கடேயில் வைத்திருந்த ஆட்டங்களை ரஞ்சி இறுதி ஆட்டத்துக்காக வேறு மைதானத்துக்கு மாற்றினார்கள். நம் சென்னை திருஷ் காமினி அந்தப் போட்டியில் சதம் அடித்தார், உலகக் கோப்பையில் சதம் அடித்த முதல் இந்தியப் பெண். என் பள்ளியில் ஒருத்திக்கும் தெரியாது, எனக்கே நான்கு வருடம் கழித்து 2017இல் லார்ட்ஸ் இறுதி ஆட்டத்தில் 9 ரன்னில் தோற்ற சமயத்தில்தான் தெரிந்தது.

2025 நவம்பர் 2, நவி மும்பை, மகளிர் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். நாம் 298, தென்னாப்பிரிக்கா 246. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு என் அம்மா தூங்காமல் உட்கார்ந்திருந்தார், கிரிக்கெட்டே பார்க்காத அம்மா. ஜெயித்த பிறகு நம் பெண்கள் என்ன செய்தார்கள் என்று கவனித்தீர்களா? அழுதுகொண்டிருந்த தென்னாப்பிரிக்க வீராங்கனைகளைப் போய்க் கட்டியணைத்துத் தேற்றினார்கள். அவர்கள் கேப்டன் வோல்வார்ட் 101 அடித்தும் தோற்றிருந்தார். நீங்கள் தேடுகிற அந்தக் கைதட்டல் காணாமல் போகவில்லை ஐயா. நீங்கள் அதுவரை பார்க்காத இடத்துக்குப் போயிருக்கிறது.

திண்ணைரேடியோ

271! எனக்கு இது தெரியாமல் போயிற்றே. நன்றி அம்மா. மற்றவர்களும் எழுதட்டும், பிறகு வருகிறேன்.

பழையநிருபர்

விளையாட்டுப் பக்கத்தில் பல வருடம் வேலை செய்தவள் நான். ஐயா கேட்ட 'யார் கற்றுக்கொடுப்பது' என்பதற்கு என் தொழிலின் பக்கமிருந்து பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில் பணம். தொண்ணூறுகளின் தொடக்கம் வரை ஆட்டத்தை ஒளிபரப்பக் கிரிக்கெட் வாரியம்தான் தூர்தர்ஷனிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. 1993 ஹீரோ கோப்பையில் தொடங்கிய வழக்கில் 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அலைவரிசை பொதுச்சொத்து, அது அரசின் ஏகபோகம் இல்லை என்றது. நல்ல தீர்ப்பு, இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் பொதுச்சொத்து என்ற பாதியை எல்லோரும் மறந்துவிட்டார்கள், ஏகபோகம் இல்லை என்ற பாதியைத்தான் பிடித்துக்கொண்டார்கள். 2023 முதல் 2027 வரை ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. ஒரு ஆட்டத்துக்கு ஏறத்தாழ 118 கோடி. அவ்வளவு பணம் போட்டவர் ஆட்டத்தை ஆட்டமாக மட்டும் காட்டிவிட்டுப் போக மாட்டார். 'பழிவாங்கல்', 'யுத்தம்', 'மானப் பிரச்சினை' என்று முந்தைய நாளிலிருந்தே சூடேற்றினால்தான் ஆட்கள் வந்து உட்காருவார்கள். வர்ணனையாளருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து அவர் வாயில் வருகிற சொல்லும் மாறும். அப்துல் ஜப்பாருக்கு விற்க வேண்டியது எதுவும் இருக்கவில்லை.

ஆனால் எல்லாவற்றையும் பணத்தின் மேல் போட்டுவிட எனக்கு மனச்சாட்சி இடம் தரவில்லை. 2006 டிசம்பர், தோகா ஆசியப் போட்டி. புதுக்கோட்டை மாவட்டம் காத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள். நாங்கள் எல்லோரும் பக்கம் பக்கமாக எழுதினோம். சில நாளில் பாலினப் பரிசோதனையில் தேறவில்லை என்று பதக்கம் பறிக்கப்பட்டது. அந்தச் செய்தி அவருக்கே முறையாகப் போய்ச் சேரும் முன்னால் டிவியில் ஓடியது. பிறகு அந்த வீட்டு வாசலில் கேமராக்கள். நான் வேலை செய்த பத்திரிகையும் ஆள் அனுப்பியது, அனுப்பப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. கேட்கக் கூடாத கேள்விகளை அக்கம்பக்கத்தாரிடம் கேட்டோம். அப்போது அதைச் செய்தி என்று நினைத்தேன்.

மூன்று வருடம் கழித்து 2009இல் தென்னாப்பிரிக்காவின் ஓட்ட வீராங்கனை காஸ்டர் செமன்யாவுக்கு இதே போல் வந்தபோது, அந்த நாடு விமான நிலையத்துக்கே திரண்டு போய் "இவள் எங்கள் பெண்" என்று நின்றது. நம் ஓட்ட வீராங்கனை டூட்டி சந்த் 2015இல் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய் ஜெயித்தார், அவருக்குப் பின்னால் வக்கீல்கள் இருந்தார்கள். சாந்திக்குத் தமிழ்நாடு அரசு 15 லட்சம் கொடுத்தது, 2016இல் பயிற்சியாளர் வேலையும் வந்தது, அந்த மட்டில் நல்லது. ஆனால் பதக்கம் வரவில்லை. நாங்கள் யாரும் போய் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. சமூக ஊடகம் வந்துதான் கொடூரம் வந்தது என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த வாசல் ஞாபகம் வருகிறது. அங்கே இருந்தவர்கள் படித்த, அடையாள அட்டை மாட்டிய நிருபர்கள்தான். ஐயா, உங்கள் பேரன் எழுதிய அந்த ஒரு வரிக்கு முன்னோடி நாங்கள்.

கணக்குட்டீச்சர்

மேலே உள்ளதை எழுதத் தைரியம் வேண்டும் மேடம். நன்றி.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. யாரும் இன்னும் சொல்லாத ஒன்று இருக்கிறது, என் வீட்டிலேயே நடந்தது. என் தம்பி, கல்யாணமானவன், ஒரு சின்னக் குழந்தை. பெயர் சொல்ல விரும்பாத ஒரு செயலியில் பணம் கட்டிக் கற்பனை அணி அமைத்து ஆட ஆரம்பித்தான். முதலில் 49 ரூபாய். இரண்டு வருடத்தில் கடனோடு சேர்த்து 3 லட்சத்து 40 ஆயிரம். அப்பாவின் ஓய்வூதியப் பணத்தில் அடைத்தோம்.

அந்த ஆட்டம் எப்படி என்று தெரியாதவர்களுக்காக: இரண்டு அணியிலிருந்தும் கலந்து 11 பேரை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும், அதில் ஒருவரைக் கேப்டனாக வைத்தால் அவருக்கு இரண்டு மடங்கு புள்ளி, துணைக் கேப்டனுக்கு ஒன்றரை மடங்கு. என் தம்பி எங்களோடு உட்கார்ந்துதான் ஆட்டம் பார்ப்பான். நம் அணியின் விக்கெட் விழும், நாங்கள் எல்லோரும் 'ஐயோ' என்போம், அவன் மட்டும் துள்ளிக் குதிப்பான். எதிரணிப் பந்துவீச்சாளர் அவனுடைய கேப்டன். ஐயா, என் தம்பியும் எதிரணிக்குக் கைதட்டினான்! உங்கள் பதிவைப் படித்ததும் முதலில் எனக்கு ஞாபகம் வந்தது அதுதான், அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவன் கண்ணுக்கு அங்கே ஆட்டமும் தெரியவில்லை, நாடும் தெரியவில்லை, ஆள்கூடத் தெரியவில்லை. கணக்கு மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் ஒருபோதும் நேராகாத கணக்கு.

வகுப்பில் நிகழ்தகவு நடத்தும்போது இதை இப்போது பாடமாகவே போடுகிறேன். பல லட்சம் பேர் கட்டுகிற போட்டியில் முதலிடம் வர வாய்ப்பு என்ன என்று பிள்ளைகளையே எழுதச் சொல்வேன். பூஜ்யங்களை எழுதி முடித்ததும் வகுப்பு அமைதியாகிவிடும். தமிழ்நாட்டில் 2022இலேயே இணையச் சூதாட்டத்தைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தார்கள், 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று சொல்லி அவற்றை விடுவித்தது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசே பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது, நம் அணியின் சட்டையில் இருந்த செயலியின் பெயரும் போனது. அதுவரை அந்தப் பெயரை மார்பில் போட்டுக்கொண்டு ஆடியவர்களைத்தான் என் மாணவர்கள் முன்மாதிரி என்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு காலத்தில் சிகரெட் கம்பெனியின் பெயர் இருந்தது. எந்த வீரரும் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை, ஆனால் "இதைப் போட மாட்டேன்" என்று ஒருவராவது சொல்லியிருந்தால் என் தம்பிக்கு அது கேட்டிருக்கும். நான் சொன்னது கேட்கவே இல்லை.

சடுகுடு_வடுவூர்

டீச்சர், தம்பி இப்போது எப்படி இருக்கிறார்?

கணக்குட்டீச்சர்

பரவாயில்லை அண்ணா. ஒரு மெக்கானிக் கடையில் சேர்ந்திருக்கிறான். கிரிக்கெட் பார்ப்பதையே நிறுத்திவிட்டான், வீட்டில் யாராவது போட்டால் எழுந்து வெளியே போய்விடுகிறான். சின்ன வயதில் தெருவில் டென்னிஸ் பந்தில் அவன்தான் எங்கள் ஏரியாவின் யார்க்கர் மன்னன். சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் 2020இல் ஆஸ்திரேலியாவுக்குப் போய் ஆடியபோது எங்கள் வீட்டில் அவ்வளவு சந்தோஷம், தம்பி ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. அதைப் பறித்துவிட்டார்களே என்பதுதான் எனக்குப் பணத்தைவிடப் பெரிய கோபம்.

பனிமலைக்காவல்

சகோதரி, அவரைக் காலை நேரம் மைதானத்துக்குக் கூட்டிப் போங்கள். பார்க்க வேண்டாம், பந்து போடட்டும். எங்கள் பக்கத்தில் ஓய்வுபெற்ற நான்கு பேர் சேர்ந்து பையன்களுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்கிறோம், அங்கே குடியால் கெட்ட இரண்டு பேர் திரும்பி வந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

இடதுகைச்சுழல்

இன்னொன்று விட்டுப்போனது. வசவு எல்லோருக்கும் ஒரே அளவில் விழுவதில்லை. 2021இல் பாகிஸ்தானிடம் தோற்றதும் ஷமியை அவர் மதத்தை வைத்துத் திட்டினார்கள், அடுத்த வருடம் ஒரு கேட்சை விட்டதற்கு அர்ஷ்தீப்பை அவர் மதத்தை வைத்து. டோக்கியோவில் ஹாக்கி அரையிறுதியில் நம் பெண்கள் தோற்ற அன்று, ஹரித்வார் பக்கம் வந்தனா கட்டாரியாவின் வீட்டு முன்னால் சாதியைச் சொல்லித் திட்டினார்கள். அதற்குச் சில நாள் முன்னால்தான் அவர் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் போட்டிருந்தார். ஷமிக்காகக் கோலி வெளிப்படையாகப் பேசியதை நான் மறக்க மாட்டேன். ஆனால் 2023இல் மல்யுத்த வீராங்கனைகள் பாலியல் தொல்லைக்கு நீதி கேட்டு டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தபோது, மே 28 அன்று அவர்களை ரோட்டில் இழுத்துப் போனபோது, ஆடிக்கொண்டிருந்த பெரிய பெயர்கள் பலரும் வாய் திறக்கவில்லை. 1983இல் உலகக் கோப்பை வென்ற அணிக்காரர்கள்தான் கூட்டாக அறிக்கை விட்டார்கள். இந்த இடத்தில் மட்டும் ஐயாவின் தலைமுறைக்கு நான் தலைவணங்குகிறேன்.

திண்ணைரேடியோ

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். சிலவற்றை மூன்று முறை.

வடுவூர்த் தம்பி சொன்னது சரி. ஈடன் கார்டனை நான் மறந்துவிட்டேன். மறக்க விரும்பினேன் என்பதுதான் நிஜம். நான் பார்த்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒரு காலம் முழுமைக்கும் விரித்துவிட்டேன். அதே கேலரியில் என் மனைவியை ஒரு நாளும் நான் கூட்டிப்போனதில்லை என்பதையும் இடதுகைச்சுழல் எழுதியதைப் படித்த பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். அவளுக்குக் கிரிக்கெட் பிடிக்கும். வானொலி வர்ணனையை அடுப்படியிலிருந்து கேட்டு ஸ்கோரை என்னைவிடச் சரியாகச் சொல்வாள். அவள் போய் ஆறு வருடம் ஆகிறது.

முன்னாள் ராணுவ வீரருக்கு எனக்குப் பதில் தெரியவில்லை ஐயா. நீங்கள் எழுதியது என்னோடு இருக்கும்.

பேரனிடம் நேற்று ராத்திரி பேசினேன். திட்டவில்லை. சாந்தியின் கதையைச் சொன்னேன், வந்தனா கட்டாரியாவின் கதையைச் சொன்னேன், பேசாமல் கேட்டான். கேட்ச் விட்ட அந்தப் பையனுக்கும் வீட்டில் தாத்தா இருப்பார், அவரும் கைபேசி பார்ப்பார் என்றேன். அதற்கு மட்டும் நிமிர்ந்து பார்த்தான். எழுதியதை அழித்துவிட்டதாகக் காலையில் வந்து சொன்னான், நான் அழிக்கச் சொல்லியிருக்கவில்லை.

பிறகு 1999 ஸ்கோரைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். கடைசி விக்கெட் எப்படி விழுந்தது என்று கேட்டான். ஸ்ரீநாத், சக்லைன் பந்து என்றேன். ஸ்ரீநாத் பந்தைத் தடுத்துவிட்டார், நாங்கள் எல்லோரும் அப்பாடா என்றோம், தடுத்த பந்து மெல்ல உருண்டு பின்னால் போய் ஸ்டம்பில் பட்டது என்று கையால் காட்டினேன். "அவ்ளோ மெதுவாவா?" என்றான். ஆமாம், அவ்வளவு மெதுவாக. இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னான்.

சடுகுடு_வடுவூர்

ஐயா, பேரனுக்கு லீவு விட்டதும் எங்கள் ஊருக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் இளையோர் ஆசியப் போட்டியில் கபடியில் தங்கம் வாங்கிய எங்கள் அபினேஷ் ஆடிப் பழகிய மண்ணைக் காட்டுகிறேன். பெண்கள் அணியில் தங்கம் வாங்கிய கண்ணகி நகர் கார்த்திகா உங்கள் சென்னைப் பிள்ளைதான், அதையும் அவனிடம் சொல்லுங்கள். ராத்திரி ஆட்டம் பத்து மணிக்குத்தான் சூடு பிடிக்கும், மதியம் தூங்கிவிட்டு வரச் சொல்லுங்கள்.